டேவ் காக்ரமும் எக்ஸ்-மென் தொடரின் மீட்டுயிர்ப்பும்: ஓவியரின் பங்கும் உரிமையும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க மீநாயகச் சித்திரக்கதை வரலாற்றில், நின்றுபோன ஒரு தொடர் மீண்டும் உயிர்பெற்ற நிகழ்வுகளுள் எக்ஸ்-மென் தொடரின் 1975ஆம் ஆண்டு மீட்டுயிர்ப்பு முதன்மையானது. இம்மீட்டுயிர்ப்பில் ஓவியர் டேவ் காக்ரம் (1943–2006) ஆற்றிய பங்கை இக்கட்டுரை ஆராய்கிறது. அவர் முன்னதாக டி.சி. நிறுவனத்தில் லீஜன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ் தொடரில் செய்த பணி, எக்ஸ்-மென் கதைமாந்தரை வடிவமைத்த முறை, அவருக்குப் பின்வந்தோரின் வெற்றி, படைப்புரிமை தொடர்பாக அவர் வாழ்வில் எழுந்த சிக்கல்கள் ஆகியன காலவரிசையில் நோக்கப்படுகின்றன. ஒரு தொடரின் மறுபிறப்பில் ஓவியரின் உருவாக்கம் எழுத்தாளரின் கதைக்கு இணையான அடித்தளம் என்பதும், அக்காலத் தொழிலமைப்பு அதற்கு இணையான உரிமையை ஓவியருக்கு வழங்கவில்லை என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள்.

திறவுச்சொற்கள்: சித்திரக்கதை, மீநாயகர், டேவ் காக்ரம், எக்ஸ்-மென், கதைமாந்தர் வடிவமைப்பு, படைப்புரிமை

1. முன்னுரை

சித்திரக்கதை என்பது எழுத்தும் ஓவியமும் இணைந்து இயங்கும் கலைவடிவம். ஆயினும் அதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கதையாசிரியரையே முதன்மைப்படுத்துகின்றனர். கதை சுருக்கிச் சொல்லத்தக்கது. ஓவியமோ பார்த்தே உணரத்தக்கது. ஆகவே எழுத்து வடிவிலான வரலாற்றில் ஓவியரின் பங்கு இயல்பாகவே குறுகிவிடுகிறது. எக்ஸ்-மென் தொடரின் மீட்சியைப் பற்றிய பதிவுகளிலும் இந்நிலையைக் காணலாம். அத்தொடரைப் பதினாறு ஆண்டுகள் எழுதிய கிறிஸ் கிளேர்மாண்ட் பெயரும், பிற்காலத்தில் அதை வரைந்து புகழ்பெற்ற ஜான் பர்ன் பெயரும் முன்னிற்கின்றன. புதிய குழுவின் முகங்களையும் உடைகளையும் உடல்மொழியையும் முதலில் தாளில் இட்டவர் பெயர் பெரும்பாலும் அடுத்த நிலையிலேயே வைக்கப்படுகிறது.

ஒரு படைப்பாளியை நினைவுகூர்வது என்பது புகழுரை கூறுவதோடு முடிவதில்லை. அவர் எதைச் செய்தார், எதை அவர் செய்யவில்லை, செய்ததற்கு என்ன பெற்றார் என்ற மூன்றையும் பிரித்தறிவதே வரலாற்று நோக்கிலான நினைவுகூரல். அவ்வகையில் காக்ரமின் பணி இங்கு அணுகப்படுகிறது.

2. வாசகராக இருந்து ஓவியராக

டேவ் காக்ரம் 1943 நவம்பர் 11 அன்று அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள பெண்டில்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை வான்படை அதிகாரி. பணிமாற்றத்தின் காரணமாகக் குடும்பம் அடிக்கடி ஊர்விட்டு ஊர் பெயர்ந்தது. சிறுவயது முதலே சித்திரக்கதை வாசிப்பில் ஆழ்ந்த அவர், இளைஞரான பின் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து பணியாற்றினார்.

1960களில் சித்திரக்கதை இதழ்களின் வாசகர் கடிதப் பகுதிகள் ஒரு புதிய சமூகத்தையே உருவாக்கின. கடிதம் எழுதியோரின் முகவரிகளும் அச்சிடப்பட்டதால் வாசகர்கள் தமக்குள் தொடர்பு கொண்டனர். தாமே சிறு இதழ்களைத் தட்டச்சு செய்தும் படியெடுத்தும் வெளியிட்டனர். காக்ரமும் கடிதங்கள் எழுதினார். வாசகர் இதழ்களில் வரைந்தார். இதழியல் பயிற்சி பெற்றோரும் விளம்பர ஓவியரும் நிறைந்திருந்த முந்தைய தலைமுறைக்குப் பின், வாசிப்பின் வழியாகவே தொழிலுக்குள் நுழைந்த முதல் தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். ராய் தாமஸ், லென் வீன் ஆகியோரும் அவ்வழி வந்தவர்களே. பழைய கதைமாந்தரின் நுணுக்கங்களை மனப்பாடமாக அறிந்திருந்த இத்தலைமுறையே, நின்றுபோன தொடர்களை மீட்கும் ஆர்வத்தையும் கொண்டிருந்தது.

கடற்படையிலிருந்து விலகியபின் அவர் வாரன் நிறுவனத்தின் கறுப்பு வெள்ளைத் திகில் இதழ்களில் வரைந்தார். தொடர்ந்து, டி.சி. நிறுவனத்தின் மூத்த ஓவியரான மர்ஃபி ஆண்டர்சனிடம் உதவியாளராகச் சேர்ந்தார். பென்சிலில் வரையப்பட்ட பக்கத்தின் மீது மையிட்டு அச்சுக்கு உரியதாக்குவது ஆண்டர்சனின் பணி. பின்னணியைத் துப்புரவாகத் தீட்டுதல், கறுப்பும் வெளியும் சமன்படுமாறு கட்டத்தை அமைத்தல் ஆகிய பயிற்சிகள் இங்கு அவருக்குக் கிடைத்தன. பின்னாளில் நிழலோடு நிழலாய் மறையும் ஒரு கதைமாந்தரை அவர் படைத்தபோது இப்பயிற்சி பயன்பட்டது.

3. முதல் மீட்சி: லீஜன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ்

காக்ரம் மீட்டெடுத்த முதல் தொடர் எக்ஸ்-மென் அன்று. லீஜன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ் என்னும் குழு 1958இல் டி.சி.யின் அட்வென்சர் காமிக்ஸ் இதழில் அறிமுகமானது. எதிர்காலத்தின் முப்பதாம் நூற்றாண்டில் வாழும் இளம் வீரர்களின் கூட்டம் அது. 1969இல் அவ்விதழில் தன் இடத்தை இழந்த இக்குழு, வேறோர் இதழின் துணைக்கதையாகச் சுருங்கி, பின்னர் சூப்பர்பாய் இதழின் இறுதிப் பக்கங்களில் அவ்வப்போது மட்டும் தலைகாட்டியது.

1972இல் சூப்பர்பாய் இதழின் இத்துணைக்கதைகளை வரையும் வாய்ப்பு காக்ரமுக்குக் கிடைத்தது. எழுத்தாளர் கேரி பேட்ஸ். பக்கங்கள் குறைவு, ஊதியமும் குறைவு. ஆயினும் அவர் அக்கதைகளை முழுநீளக் கதைகளுக்கு உரிய கவனத்தோடு வரைந்தார். முப்பதாம் நூற்றாண்டு என்று கூறப்பட்ட உலகம் அதுவரை 1950களின் அமெரிக்க நகரத்தைப் போலவே காட்சியளித்தது. காக்ரம் அதன் கட்டடங்களையும் ஊர்திகளையும் கருவிகளையும் புதிதாக வடிவமைத்தார். பத்தாண்டுகளுக்கு மேலாக மாறாதிருந்த வீரர்களின் உடைகளை ஒவ்வொன்றாக மாற்றினார். உடலே இல்லாமல் வெறும் ஆற்றலாக ஓர் உடைக்குள் வாழும் வைல்ட்ஃபயர் என்னும் கதைமாந்தர் 1973இல் இவ்விருவர் கூட்டில் உருவானார்.

இதன் விளைவு விரைவில் தெரிந்தது. 1973இன் 197ஆம் இதழ் முதல் லீஜன் குழு சூப்பர்பாய் இதழின் முதன்மைக் கதையாக உயர்ந்தது. அட்டையிலும் அதன் பெயர் இடம்பெற்றது. பின்னர் அவ்விதழே முழுமையாக லீஜன் தொடராக மாறியதற்கு இதுவே தொடக்கம். மங்கிக்கொண்டிருந்த ஒரு தொடருக்குக் கதையமைப்பில் பெரும் மாற்றமின்றி, பெரிதும் காட்சி வடிவமைப்பின் வழியாகவே புத்துயிர் ஊட்ட இயலும் என்பதற்கு இது சான்று.

எனினும் காக்ரம் அங்கு நீடிக்கவில்லை. 1974இல் வெளியான 200ஆம் இதழில் பவுன்சிங் பாய், டுவோ டாம்ஸல் ஆகிய இருவரின் திருமணக் காட்சியை இரு பக்கங்கள் விரிந்த ஒரே ஓவியமாக அவர் வரைந்திருந்தார். அதன் அசல் தாளைத் தமக்குத் திருப்பித் தருமாறு கோரினார். நிறுவனம் மறுத்தது. அவர் அத்தொடரை விட்டு விலகி மார்வெல் நிறுவனத்துக்குச் சென்றார்.

இன்று நோக்கும்போது சிறு பூசலாகத் தோன்றும் இந்நிகழ்வு, அக்காலத் தொழிலமைப்பின் மையச் சிக்கலைத் தொடுகிறது. ஓவியருக்குப் பக்கக் கணக்கில் ஊதியம் வழங்கப்பட்டது. வரைந்த கதைமாந்தரும் கதையும் அச்சிடும் உரிமையும் நிறுவனத்துக்கே. கையால் வரைந்த தாளேனும் வரைந்தவருக்கு உரியதா என்ற வினா அப்போதுதான் எழத் தொடங்கியிருந்தது. 1970களின் நடுப்பகுதியில் நிறுவனங்கள் அசல் ஓவியங்களைத் திருப்பித் தரும் வழக்கத்துக்கு மெல்ல வந்தன. அவ்வழக்கம் நிலைபெறும் முன்பே அதைக் கோரியவர்களுள் காக்ரமும் ஒருவர்.

4. எக்ஸ்-மென் தொடரின் உறக்கம்

ஸ்டான் லீ, ஜாக் கிர்பி ஆகியோர் உருவாக்கிய எக்ஸ்-மென் தொடரின் முதல் இதழ் 1963 செப்டம்பர் தேதியிட்டு வந்தது. பிறவியிலேயே மரபுப் பிறழ்வால் ஆற்றல் பெற்று, அதன் காரணமாகவே மக்களால் அஞ்சி வெறுக்கப்படும் இளைஞர்களைப் பேராசிரியர் சேவியர் தம் பள்ளியில் சேர்த்துப் பயிற்றுவிப்பதே அதன் கரு. கரு ஆழமானது, விற்பனை அவ்வாறு அமையவில்லை. 1969–70இல் ராய் தாமஸ் எழுத, நீல் ஆடம்ஸ் வரைந்த சில இதழ்கள் ஓவியத் திறத்துக்காகப் போற்றப்பட்டபோதும் தொடரைக் காக்க இயலவில்லை. 1970 மார்ச்சில் வந்த 66ஆம் இதழோடு புதிய கதைகள் நின்றன. அவ்வாண்டு டிசம்பரில் வந்த 67ஆம் இதழ் முதல் 1975 ஏப்ரலில் வந்த 93ஆம் இதழ் வரை பழைய கதைகளே மறுபதிப்பாக வெளியிடப்பட்டன. இதழ் எண் ஏறிக்கொண்டிருந்தது; தொடர் நகரவில்லை.

இந்நிலையில் ஒரு வணிகச் சிந்தனை எழுந்தது. மார்வெல் இதழ்கள் வெளிநாடுகளிலும் விற்பனையாயின. பல நாடுகளைச் சேர்ந்த வீரர்களைக் கொண்ட ஒரு குழு அமைந்தால் அந்நாட்டு வாசகரை ஈர்க்கலாம் என்று நிறுவனத் தலைவர் அல் லாண்டா கருதினார். தலைமைப் பதிப்பாசிரியராக இருந்த ராய் தாமஸ் அக்கருத்தை எக்ஸ்-மென் தொடரோடு இணைத்தார். இறுதியில் எழுதும் பொறுப்பு லென் வீனிடமும், வரையும் பொறுப்பு காக்ரமிடமும் வந்தன.

எனவே மீட்டுயிர்ப்பின் தொடக்கக் கருத்து காக்ரமுடையதன்று. வணிக நோக்கிலான ஒரு திட்டம் கைக்கு வந்தபோது அதற்கு உருவம் கொடுக்கும் பணியே அவருடையது. அவ்வுருவம் எங்கிருந்து வந்தது என்பதே அடுத்து நோக்கத்தக்கது.

5. வரைவேட்டிலிருந்து அச்சுக்கு

காக்ரமுக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாரும் கேட்காமலேயே அவர் கதைமாந்தரை வடிவமைத்துத் தம் வரைவேடுகளில் சேர்த்து வைப்பார். புதிய எக்ஸ்-மென் குழுவை அமைக்கும் வேளையில் அவ்வேடுகளே சுரங்கமாயின.

நைட்கிராலர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கடற்படைப் பணிக்காலத்திலேயே அவர் மனத்தில் தோன்றிய இவ்வுரு முதலில் ஒரு பேயாகவே கருதப்பட்டது. பின்னர் லீஜன் தொடரோடு தொடர்புடைய வேறொரு குழுவுக்காக இதை அவர் முன்வைத்தபோது டி.சி. ஏற்கவில்லை. ஏற்கப்படாததாலேயே அது அவர் ஏட்டில் தங்கியது, மார்வெலுக்கு வந்தது. ஒரே வரைபடம் எந்த வாயிலில் முதலில் நுழைந்தது என்பதைப் பொறுத்தே அது எந்த நிறுவனத்தின் சொத்து என்பது முடிவாயிற்று. வரைந்தவருக்கு அவ்விரு முடிவுகளிலும் பங்கில்லை.

ஸ்டார்ம் உருவான முறை வேறானது. பூனையாக உருமாறும் ஆற்றல் கொண்ட கறுப்பினப் பெண் ஒருவரைக் காக்ரம் வடிவமைத்திருந்தார். ஆனால் பூனையியல்பு கொண்ட பெண்பாத்திரங்கள் அதற்குள் பிற இதழ்களில் வந்துவிட்டன. ஆகவே அப்பெண்ணின் ஆற்றல் நீக்கப்பட்டு, புயலை ஆளும் வேறோர் ஆண்பாத்திரத்துக்காக எண்ணிய ஆற்றல் அவளுக்கு அளிக்கப்பட்டது. வெண்கூந்தலும் மணிக்கட்டோடு இணைந்து விரியும் மேலாடையும் கொண்டு, கென்யாவில் தெய்வமாக வழிபடப்படும் பெண்ணாக ஸ்டார்ம் உருப்பெற்றாள். அமெரிக்கப் பெருநிறுவனச் சித்திரக்கதைகளில் முதன்மை இடம்பெற்ற தொடக்ககாலக் கறுப்பின வீராங்கனைகளுள் ஒருத்தி அவள்.

சைபீரியக் கூட்டுப்பண்ணையில் உழவனாக வாழும் கொலாசஸ், அப்பாச்சி இனத்தைச் சேர்ந்த தண்டர்பேர்ட் ஆகியோரும் இக்கூட்டு முயற்சியில் பிறந்தவர்கள். அயர்லாந்தின் பான்ஷீ, ஜப்பானின் சன்ஃபயர், கனடாவின் வோல்வரின் ஆகிய மூவரும் முன்னரே வேறு படைப்பாளர்களால் உருவாக்கப்பட்டவர்கள். குறிப்பாக வோல்வரின் 1974இல் ஹல்க் இதழில் அறிமுகமானவர். வடிவமைப்பு ஜான் ரொமிட்டாவுடையது. ஆயினும் இன்று அறியப்படும் வோல்வரின் தோற்றத்திலும் காக்ரமின் கை உண்டு. முதல் இதழின் அட்டையை வரைந்த கில் கேன், வோல்வரின் முகமூடியின் பக்கங்களைத் தவறுதலாகப் பெரிதாக்கி வரைந்துவிட்டார். அதைக் கண்ட காக்ரம், பிழை என்று திருத்தாமல், அதுவே சிறப்பு என்று தம் பக்கங்களையும் அதற்கேற்ப மாற்றினார். 1976இல் வந்த 98ஆம் இதழில் முகமூடியற்ற வோல்வரினை முதன்முதலில் வரைந்தவரும் அவரே. இரு பக்கமும் கூர்ந்தெழும் அம்முடியமைப்பே பின்னாளில் திரைப்படம் வரை தொடர்ந்தது.

6. காட்சிமொழி

1975இல் வெளிவந்த ஜயண்ட்-சைஸ் எக்ஸ்-மென் முதல் இதழின் கதை எளியது. பழைய குழு க்ரகோவா என்னும் தீவில் சிக்கிக்கொள்கிறது. சேவியர் உலகெங்கும் சென்று புதியவர்களைத் திரட்டுகிறார். அவர்கள் தீவுக்குச் சென்று, அத்தீவே ஓர் உயிரி என்பதைக் கண்டறிந்து, பழையவர்களை மீட்கின்றனர்.

ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்தும் தொடக்கப் பக்கங்களில் காக்ரமின் ஓவியம் கதையைத் தாங்குகிறது. நைட்கிராலர் ஜெர்மானியச் சிற்றூர் ஒன்றில் தீப்பந்தம் ஏந்திய கூட்டத்தால் விரட்டப்படுபவனாகவே முதலில் வருகிறான். கருநீல உடல், மஞ்சள் கண்கள், கூரிய செவிகள், வால், இருவிரலும் கட்டைவிரலும் மட்டுமே கொண்ட கைகள் ஆகிய அனைத்தும் பேயின் அடையாளங்கள். ஆனால் வாசகரின் இரக்கம் அவன் பக்கமே நிற்குமாறு காட்சி அமைக்கப்பட்டுள்ளது. எக்ஸ்-மென் தொடரின் அடிப்படைக் கரு, அஞ்சப்படுபவன் அச்சத்துக்குரியவன் அல்லன் என்பது. 1963இன் மூலக்குழுவில் பெரும்பாலோர் கூட்டத்தில் கலந்தால் வேறுபாடு தெரியாதவர்கள். அக்கரு அவர்களிடம் சொல்லாக இருந்தது. நைட்கிராலரிடம் அது உடலாகவே ஆயிற்று. இதுவே காக்ரமின் தலையாய பங்களிப்பு எனலாம்.

மேலும், அவ்வுருவுக்குள் அவர் வைத்த மனம் எதிர்பாராதது. முதலில் கசப்புற்ற தனியனாக எழுதப்படக்கூடியவன், தொடர்ந்த இதழ்களில் குதித்தும் சிரித்தும் வாள்வீசியும் மகிழும் பழைய சாகசத் திரைப்பட நாயகனைப் போல் மலர்ந்தான். தன் தோற்றத்துக்காக வருந்தாத பிறழ்வாளன் என்ற கருத்து இங்கு ஓவியத்தின் துள்ளலிலிருந்தே பிறக்கிறது.

இக்குழு அமைப்பில் குறைகளும் உள. வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் அமெரிக்கப் பார்வையில் அந்நாட்டுக்குரிய ஓர் அடையாளத்தைச் சுமந்தே வருகின்றனர். உருசியன் உழவனாகவும், ஆப்பிரிக்கப் பெண் இயற்கையின் தெய்வமாகவும், பழங்குடி வீரன் சினம் மிக்கவனாகவும் அமைந்தனர். அப்பழங்குடி வீரன் தண்டர்பேர்ட், 95ஆம் இதழிலேயே கொல்லப்படுகிறான். சன்ஃபயர் அதற்கு முந்தைய இதழிலேயே விலகிவிடுகிறான். அயல்நாட்டு விற்பனையை நோக்கிய திட்டம் என்பதன் தடம் இங்குப் புலப்படுகிறது. எனினும் பனிப்போர்க் காலத்தில் சோவியத் இளைஞன் ஒருவனைப் பகைவனாகவோ கட்சி மாறியவனாகவோ காட்டாமல், தாய்நாட்டை நேசிக்கும் நல்லவனாகவே அமெரிக்கக் குழுவில் சேர்த்தது குறிப்பிடத்தக்கது.

7. தொடரின் வளர்ச்சியும் விலகலும்

முதல் இதழுக்குப் பின் கதை 1975 ஆகஸ்டில் 94ஆம் இதழாகத் தொடர்ந்தது. மறுபதிப்பு நின்ற எண்ணிலிருந்தே புதிய கதை தொடங்கியது. எழுத்துப் பொறுப்பு கிளேர்மாண்டிடம் சென்றது. 106ஆம் இதழின் பெரும்பகுதி நீங்கலாக, 107ஆம் இதழ் வரை காக்ரம் வரைந்தார். இதழ் இரு மாதங்களுக்கு ஒருமுறையே வந்தது.

இக்காலத்தில் அவர் குழுவை விண்வெளிக்குக் கொண்டுசென்றார். விண்கலங்களும் அயல்கோள் மாந்தரும் அவருக்கு விருப்பமானவை. 1976 அக்டோபரில் வந்த 101ஆம் இதழில், மூலக்குழுவின் ஜீன் கிரே நீரிலிருந்து ஃபீனிக்ஸாக எழும் காட்சியையும் அவ்வுடையையும் அவரே அமைத்தார். விண்கொள்ளையரான ஸ்டார்ஜாமர்ஸ் குழுவும் அவர் ஏட்டிலிருந்து வந்ததே. 1977இல் வந்த 107ஆம் இதழில் ஷியார் பேரரசின் காவற்படையை அவர் லீஜன் குழுவின் சாயலில் அமைத்தார். பிணக்கு கொண்டு பிரிந்துவந்த நிறுவனத்தின் வீரர்களைப் புதிய நிறுவனத்தின் பக்கங்களில் அன்போடு நினைவுகூர்ந்த செயல் அது.

ஒவ்வொரு கட்டத்தையும் நிறைத்து வரையும் அவரது முறைக்குக் காலம் தேவைப்பட்டது. இதழின் கெடுவோ நெருக்கியது. 107ஆம் இதழோடு அவர் விலக, 1977 டிசம்பரின் 108ஆம் இதழ் முதல் ஜான் பர்ன் வரைந்தார். 1978இல் தொடர் மாத இதழாயிற்று. 1980இல் வெளியான ஃபீனிக்ஸின் வீழ்ச்சிக் கதை பெரும்புகழ் பெற்றது. விற்பனையின் உச்சம் நோக்கிய ஏற்றம் பர்ன் காலத்தில் நிகழ்ந்தது என்பதை மறுக்க இயலாது. கதைமாந்தரின் மையமும் மாறியது. காக்ரமின் அன்புக்குரியவன் நைட்கிராலர். கனடாவில் வளர்ந்த பர்ன் வோல்வரினை முன்னிறுத்தினார். ஆயினும் வீழ்வதற்கு ஃபீனிக்ஸ் முதலில் எழ வேண்டியிருந்தது. பர்ன் கட்டிய மாடங்கள் காக்ரம் இட்ட கடைக்காலின் மீதே நின்றன.

பர்ன் விலகியபின் 1981இல் 145ஆம் இதழ் முதல் காக்ரம் மீண்டும் வந்து, இடையிடையே சில இதழ்கள் நீங்கலாக 1982 டிசம்பரின் 164ஆம் இதழ் வரை வரைந்தார். ப்ரூட் என்னும் பூச்சியின விண்பகைவர் இக்காலத்தவர். குட்டிப் பெண் கிட்டி உறங்குமுன் சொல்லும் தேவதைக் கதையாக அமைந்த 153ஆம் இதழ் அவரது நகைச்சுவையை நன்கு காட்டுவது.

8. உரிமையும் நினைவும்

1982இன் இறுதியில் அவர் தொடரை விட்டதற்குக் காரணம் ஃபியூச்சரியன்ஸ் என்னும் அவரது சொந்தப் படைப்பு. 1983இல் மார்வெலின் வரைகலைப் புதின வரிசையில் இது வெளிவந்தது. அதன் உரிமை காக்ரமிடமே இருந்தது. பின்னர் வேறொரு சிறு நிறுவனம் அதைத் தொடராக வெளியிட்டு, சில இதழ்களோடு நிறுத்தியது. 1985–86இல் மார்வெலுக்காக நைட்கிராலர் குறுந்தொடரை அவரே எழுதி வரைந்தார். அதன்பின் தொழிலில் அவருக்கான வாய்ப்புகள் குறைந்தன. அவருக்கு உரிமையானது நிலைக்கவில்லை. நிலைத்தது அவருக்கு உரிமையாகவில்லை.

நிலைத்ததன் அளவு பெரிது. 1991இல் புதிதாகத் தொடங்கப்பட்ட எக்ஸ்-மென் இதழின் முதல் எண் எண்பது லட்சத்துக்கு மேற்பட்ட படிகள் விற்றுக் கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. 1992இல் தொலைக்காட்சி இயங்குபடமும், 2000இல் திரைப்படமும் வந்தன. 2003இல் வெளியான இரண்டாம் படம், நைட்கிராலர் வெள்ளை மாளிகைக்குள் புகும் காட்சியோடு தொடங்குகிறது. அக்காட்சியின் மறைந்து தோன்றும் வேகமும் கரும்புகையும் காக்ரமின் கட்டங்களில் பிறந்தவை.

அதற்கு அடுத்த ஆண்டு, 2004இல், நீரிழிவாலும் நுரையீரல் அழற்சியாலும் காக்ரம் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருக்கு உதவ எழுத்தாளர் கிளிஃபர்ட் மெத், ஓவியர் நீல் ஆடம்ஸ் ஆகியோர் முன்வந்தனர். சக ஓவியர்கள் ஓவியங்களை வழங்க, அவை ஏலமிடப்பட்டன. ஒரு நினைவு நூலும் வெளிவந்தது. மார்வெலுடன் பேச்சு நடத்தப்பட்டு, அந்நிறுவனம் அவருக்குத் தொகை வழங்க இசைந்தது.

இங்கு நீல் ஆடம்ஸின் பெயர் வரலாற்றுத் தொடர்ச்சி ஒன்றைக் காட்டுகிறது. எக்ஸ்-மென் மீண்ட அதே 1975ஆம் ஆண்டில், சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் ஆகியோர் வறுமையில் இருந்தபோது அவர்களுக்காகப் போராடியவர்களுள் ஆடம்ஸ் ஒருவர். அப்போராட்டத்தின் விளைவாக இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும் பெயர்க்குறிப்பும் கிடைத்தன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே வழி மீண்டும் தேவைப்பட்டது. இரு நிகழ்வுகளிலும் கிடைத்தது சட்ட உரிமையால் வந்த பங்கன்று. பொதுக்கருத்தின் முன் நிறுவனம் காட்டிய இசைவு. படைப்பாளி நோயுற்ற பின், அவரை அறிந்தோர் குரல் எழுப்பிய பின் மட்டுமே கிட்டும் நீதி, குரலற்றோருக்குக் கிட்டாது என்பதே இதன் பொருள்.

காக்ரம் 2006 நவம்பர் 26 அன்று தென் கரோலினா மாநிலத்தின் பெல்டனில் தம் இல்லத்தில் நீரிழிவின் விளைவாக மறைந்தார். அப்போது சூப்பர்மேன் படமிட்ட இரவு உடையில், பேட்மேன் போர்வை போர்த்தியிருந்தார் என்று அவர் நண்பர் மெத் பதிவு செய்துள்ளார். மார்வெலின் பெருந்தொடரை மீட்டவர், இறுதிவரை டி.சி. வீரர்களின் வாசகராகவும் இருந்தார். நிறுவனங்களுக்கு இடையிலான எல்லை உரிமைப் பத்திரங்களில் இருந்தது; அவர் மனத்தில் இருக்கவில்லை.

2019இல் எக்ஸ்-மென் தொடர் மீண்டும் மாற்றியமைக்கப்பட்டபோது, பிறழ்வாளர்களின் தனிநாடாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது 1975இன் க்ரகோவா தீவே. 2020இல், வீனுக்கும் காக்ரமுக்கும் அஞ்சலியாக, அம்முதல் இதழின் பக்கங்களைப் பல ஓவியர்கள் ஆளுக்கொன்றாக மீள வரைந்து மார்வெல் வெளியிட்டது. ஓர் ஓவியருக்கு ஓவியர்கள் செலுத்தத்தக்க பொருத்தமான நினைவஞ்சலி அதுவே.

9. முடிவுரை

எக்ஸ்-மென் தொடரின் மீட்டுயிர்ப்பு ஒருவர் செயலன்று. வணிகத் திட்டம் லாண்டாவுடையது, அதைத் தொடரோடு இணைத்தவர் தாமஸ், முதற்கதை வீனுடையது, தொடர்ச்சி கிளேர்மாண்டுடையது, பெருவெற்றி பர்ன் காலத்தது. இவ்வரிசையில் காக்ரமின் இடம், கருத்தாக மட்டும் இருந்த குழுவைக் காணத்தக்க உருவாக்கியது. அவ்வுருவின்றி மற்றவர் பணிக்குப் பற்றுக்கோடு இல்லை. லீஜன் தொடரில் அவர் முன்னரே நிகழ்த்திய மீட்சி, இது தற்செயலாக வாய்த்ததன்று என்பதையும் உறுதிசெய்கிறது.

அவர் வாழ்வின் தொடக்கத்தில் ஓர் அசல் தாளுக்காகவும், இறுதியில் மருத்துவச் செலவுக்காகவும் நிறுவனங்களின் முன் நிற்க நேர்ந்தது. இரண்டும் ஒரே வினாவின் இரு வடிவங்கள்: வரைந்தவருக்கு, வரைந்ததில் என்ன பங்கு? கதைமாந்தரின் தோற்றத்தை உருவாக்கியோரின் பங்கை ஆவணங்களின் வழித் தனித்துப் பதிவுசெய்யும் ஆய்வுகள் பெருகும்போதே அவ்வினாவுக்கு வரலாற்றளவிலேனும் விடை கிடைக்கும்.